நெம்மேலியில் ஊதிய விசில்

1

போன மாதம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கணவரைச் சாகடித்துவிட்டேன்.

ஜெர்மன் மொழியில், ஊரைவிட்டு இடம் மாறிப் போனவரைக் குறிக்க ‘ஃபெர்ட்சோகன்’ என்று ஒரு சொல் உண்டு. இறந்துபோனவரைக் குறிக்க ‘ஃபெர்ஷ்டோர்பன்’. பதினைந்து வருஷமாக இந்த பிரேமன் நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. இரண்டாவது சொல்லை மாதத்துக்கு இரண்டு தடவையாவது பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும். கை பழகிய சொல்தான் வாயிலும் முதலில் வந்தது போலும்.

காலை ஷிப்ட் முடிந்து டிராமுக்காக நின்றிருந்தபோது குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். “உங்கள் கணவர் ஆறு மாதமாக நாட்டுக்குள் திரும்பி வரவில்லையே, என்ன காரணம்?” என்று கேட்டார். காற்று இரைந்தது. கையில் குடை வேறு. ‘ஃபெர்ஷ்டோர்பன்’ என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “என் மனமார்ந்த அனுதாபங்கள்” என்றார்.

சொன்னது தவறு என்று அப்போதே புரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். நான், “நன்றி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை, இந்த ஊரில் அவருக்காக யாரும் எனக்கு ஆறுதல் சொன்னதே இல்லை என்பதாலோ என்னவோ. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: இறப்புச் சான்றிதழின் அசலும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் பிரதியும் உடனே தேவை. நேரில் போய், அவர் உயிரோடு இருக்கிறார், செங்கல்பட்டில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வீடு திரும்பிய கையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு எங்களைப் பற்றிப் பல கதைகள் வந்து சேர்ந்திருக்கும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

2

என் கணவர் பெயர் அருள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகக் கோவளம் போகும் ஒரு தனியார் பேருந்தில் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். நான் நர்சிங் படிக்கப் போய்வந்த பேருந்து அது. பூஞ்சேரியில் ஏறுவேன். கூட்டத்தில் யாருக்கும் பேச்சில் விட்டுக்கொடுக்காத மனிதர். படிக்கட்டில் தொங்குகிறவனிடம், “மச்சான், உங்க வூட்டுல உன்ன தேடுவாங்க, உள்ள வா” என்று அவர் சொன்னால் பேருந்தே சிரிக்கும். அந்த வாய்க்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஊருக்கு நான் முதலில் வந்தேன். பிறகு அவரும், மூன்று வயது மகள் ஜெனியும். அவருக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. ஜெர்மன் அவருக்குக் கடைசிவரை ஏறவில்லை. இங்கே வடக்கில் காலை, மாலை, சந்திப்பு எல்லாவற்றுக்கும் ‘மொய்ன்’ என்று ஒரே வணக்கம்தான். “ஒரே டிக்கெட்ல ஊரு பூரா சுத்தலாம்” என்று அந்தச் சொல்லை வைத்தே காலம் தள்ளினார். ஜெனிக்கோ தமிழ் வீட்டுக்குள்ளேயே தேய்ந்தது. பத்து வயதில், நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். பதினைந்தில், கேட்பதையும் ஜெர்மனில் கேட்கச் சொன்னாள். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள நடுவில் நான் வேண்டியிருந்தது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கிடங்கில் அவர் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக்கட்டு. வலது கையும் காலும் பாதி செயலிழந்தன. பேச்சு மொத்தமும் போயிற்று. நாம் பேசுவது அவருக்குப் புரியும். பதில் உள்ளே இருக்கும். வாய்க்கு வராது. வந்த ஒரே சொல் ‘மொய்ன்’. தண்ணீர் வேண்டுமென்றாலும் மொய்ன், வலித்தாலும் மொய்ன், என்னைக் கூப்பிடவும் மொய்ன்.

பேச்சுப் பயிற்சி ஜெர்மனில்தான் கிடைத்தது. ஹெல்கா என்ற அம்மாள் ஒரு பூனைப் படத்தைக் காட்டி, “இது என்ன?” என்பார். அருள் வியர்த்து, உதட்டைக் கடித்து, “மொய்ன்” என்பார். “உடம்பு நன்றாக இருந்தபோதே அவருக்கு அந்த ஜெர்மன் சொல் தெரியாதம்மா, பூனை என்றால் தெரியும்” என்று நான் சொல்வேன். அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் அவருடைய தாளில் தமிழுக்குக் கட்டமே இல்லை. எட்டு மாதம் கழித்து, ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அருள் கதவைத் திறந்துகொண்டு கிளம்பி, டிராமில் ஏறி, நகரத்தின் மறுகோடியில் இறங்கிவிட்டார். போலீஸ்காரர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். இவர் “மொய்ன்” என்றிருக்கிறார். அவர்களும் “மொய்ன்” என்றிருக்கிறார்கள். மூன்று முறை இப்படியே வணக்கம் சொல்லிக்கொண்ட பிறகுதான் ஏதோ சரியில்லை என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. வீட்டில் கொண்டுவந்து விட்டபோது ஓர் இளம் போலீஸ்காரி இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

3

போன ஜூலைக் கடைசியில் ஆறு வாரத்துக்கு ஊருக்கு வந்தோம். தமிழ்க் காற்று பட்டால் தமிழ் வந்துவிடும் என்று நம்பினேன். நர்சாக இருந்தும் அப்படித்தான் நம்பினேன். ஜெனி வரவில்லை. அவளுக்குப் பள்ளியில் வேலைப் பயிற்சி இருந்தது. தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

செங்கல்பட்டில் ரயில்வே லைனை ஒட்டி இருக்கிறது அருளின் அக்கா எஸ்தர் அண்ணியின் வீடு. கணவரை இழந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். தம்பி சொன்ன முதல் வார்த்தை, வழக்கம்போல, மொய்ன்.

“இன்னாடா, வந்ததும் வராததுமா மொய்யி மொய்யினுகினு கீற? யார் வூட்டு கல்யாணம்?”

அருள் சிரித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அன்றுமுதல் அந்த வீட்டில் அதுவே விளையாட்டாகிவிட்டது. “மொய்யா? அவ்ளோதானா? தாய்மாமன் நீ, தாராளமா எழுதுடா” என்பார் அண்ணி. தோசை ஊற்றிக்கொண்டே பேசுவார், துணி மடித்துக்கொண்டே பேசுவார். பதில் வருகிறதா என்று பார்க்கவே மாட்டார். நான் பக்கத்துத் தெருவிலிருந்து பேச்சுப் பயிற்சிப் பெண் ஒருத்தியை வரவழைத்தேன். ஒரு மாதம் தினமும் வந்தாள். பூனைப் படத்தைக் காட்டினாள். தமிழிலும் அது மொய்ன்தான்.

ஐந்தாவது வாரத்தில் அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

“கிரேசு, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. இவன இங்கயே வுட்டுட்டுப் போ. நீ அங்க ஊரான் வூட்டு கெழவன எல்லாம் கழுவிக்கினு, இவன தனியா உக்கார வெச்சிக்கினு… இன்னா பொழப்பு இது? நான் சும்மாதானே கீறேன்.”

 அவர் கேட்பதற்கு முன்பே, இரண்டு நாளாக எனக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு ஊரில் தங்க முடியாது. ஜெனிக்குப் பதினேழு வயது, படிப்பு அங்கே. அவரை அழைத்துப் போனால் மீண்டும் எங்கள் நாலாவது மாடி வீடு, நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருக்கும் அந்தச் சன்னல். விட்டுவிட்டுப் போனால், ஆறு மாதத்தில் அவருடைய குடியிருப்பு அனுமதி காலாவதியாகும். பிறகு அவர் அங்கே வர வேண்டுமென்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் மொழித் தேர்வும் அடக்கம். வாயில் ஒரே ஒரு சொல் இருக்கிற மனிதருக்கு மொழித் தேர்வு.

வியாழக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது, அவருடைய திரும்பும் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஜெனியிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எங்கள் இருபதாவது திருமண நாள். “ரெண்டு நாளு மாவலிபுரம் போயிட்டு வாங்களேன், புதுசா கட்டிக்கினவங்க மாதிரி” என்று அண்ணிதான் அனுப்பி வைத்தார். அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று பையில் அவருக்குப் புதுச் சட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டேன்.

4

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன விடுதி. வெள்ளிக்கிழமை மாலை கடற்கரையில் நடந்தோம். என்னால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது சொல்ல நினைத்தேன். அவர் இடது கையால் என் தட்டில் சட்னி ஊற்றினார். முடியவில்லை.

வெயில் ஏறுவதற்குள் எங்காவது போகலாம் என்று ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“சிற்பம், ரதம் எல்லாம் பாத்திருப்பீங்க. நெம்மேலியாண்ட ஒரு பாய் வூட்டுல ஹாரன் மியூசியம் கீது, போறீங்களா? சும்மா டமாசா இருக்கும். வேற எங்கயும் கெடையாது.”

அருள் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. போனோம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி, கடல் பக்கம் திரும்பும் மண் சாலையில் இருந்தது அந்த வீடு. வாசலில் தகரப் பலகை: ‘காதிருந்தால் உள்ளே வரவும்’. வீட்டுக்காரர் அன்வர் பாய், அறுபது தாண்டியவர். லாரிகளுக்கு ஹாரன் பொருத்திப் பழுது பார்க்கும் தொழில். முப்பது வருஷமாக, சத்தம் போடுகிற எது கிடைத்தாலும் விடமாட்டாராம். வீட்டின் முன்பக்க இரண்டு அறைகள் முழுக்க அவைதான். ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன், லாரியின் காற்று ஹாரன், பள்ளிக்கூடத்தில் மணிக்காகத் தொங்கவிடும் தண்டவாளத் துண்டு, குல்ஃபி வண்டி மணி, சர்ச் பூசை மணி, படகுக்காரர்கள் ஊதும் சங்கு, பழைய தட்டச்சு இயந்திரம், கோலி சோடா பாட்டில், பத்துப் பன்னிரண்டு குக்கர் விசில்கள். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

“செருப்ப போட்டுகினே வாங்கம்மா, பரவாயில்ல. இங்க ஒரே ரூலுதான். எதையும் கண்ணால பாக்கக் கூடாது. செவுத்தப் பாத்து நில்லுங்க. நான் சவுண்டு வுடுவேன், இன்னான்னு நீங்க சொல்லணும்.”

எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஓர் இளம் ஜோடி, ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், சுவரைப் பார்த்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். “குக்கர்!” “இல்லம்மா, அது ரயில் கார்டு விசிலு.” அந்தப் பெண் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் போனதும் எங்கள் முறை வந்தது.

“இவருக்குத் தொண்டை சரியில்ல பாய், நான் மட்டும் சொல்றேன்” என்றேன்.

அருள் அதற்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

பாய் குல்ஃபி மணியை ஆட்டினார். அருளின் தோள் துள்ளியது. அவருக்குத் தெரிந்துவிட்டது. “மொய்ன்!” என்றார்.

“இன்னாது?”

தண்டவாளத்தில் தட்டினார். “மொய்ன்.” சங்கை ஊதினார். “மொய்ன்.” ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் வேறுவேறாக இருந்தது. ஒன்றுக்குச் சிரிப்பு, ஒன்றுக்கு ஆச்சரியம். எல்லாம் தெரிந்த மனிதர் பரீட்சையில் ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் பாதியில் நிறுத்தினால் மனிதருக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியாக ஒன்று என்று, ஆணியில் தொங்கிய கண்டக்டர் விசிலை எடுத்துத் துடைத்து, இரண்டு முறை ஊதினார்.

5

அருளின் இடது கை மேலே போய், இல்லாத கம்பியைப் பிடித்தது.

“வல்லம், கழுக்குன்றம், எச்சூர், பூஞ்சேரி, மாவலிபுரம், தேவனேரி, பட்டிபுலம், நெம்மேலி, திருவிடந்தை, கோவளம்! ஏறு ஏறு ஏறு… படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ!”

அதே குரல். நான் பூஞ்சேரியில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும்போது, பேருந்து கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கேட்குமே, அந்தக் குரல். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை.

நான் ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்தேன். “ஏங்க! பேசிட்டீங்க! பேசுங்க, இன்னும் பேசுங்க. நான் யாரு? என் பேரு இன்னா?”

அவர் வாயைத் திறந்தார். கண்கள் பளபளத்தன. “மொய்ன்” என்றார்.

“நம்ம பொண்ணு பேரு? ஜெ… ஜெ…”

“மொய்ன்.”

எங்கள் முதியோர் இல்லத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். தன் பெயரே மறந்துபோன பாட்டிமார்கள், பாதிரியார் தொடங்கி வைத்தால் பரமண்டல ஜெபத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொல்லி முடிப்பார்கள். சொல்லி முடித்ததும் மறுபடி இருட்டு. அது பேச்சு அல்ல, பழக்கம். மூளையில் வேறு இடத்தில் இருப்பது. பயிற்சிக்கு வரும் புதுப் பெண்களுக்கு நானே இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியவில்லை.

பாய் கையிலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினேன். “வல்லம், கழுக்குன்றம், எச்சூர்…” கோவளம் வரை போனார். “உள்ள போ, உள்ள போ.” பேர் கேட்டேன். மொய்ன். மறுபடி ஊதினேன். நடுவில் நிறுத்தி, “நெம்மேலிக்கு அப்புறம் இன்னா? அத மட்டும் சொல்லுங்க” என்றேன். அவரால் முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஊதினேன். எத்தனை முறை என்று நினைவில்லை. அவர் சட்டை, நான் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டை, முதுகோடு ஒட்டிக்கொண்டது. குரல் கம்மியது. ஊர்ப்பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சொல்லிக்கொண்டேயிருந்தார். விசில் கேட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது தெரிந்தும் ஊதினேன்.

பாய் என் மணிக்கட்டைப் பிடித்து விசிலை வாங்கினார்.

“போதும்மா. வுடு. மனுசன்மா அவரு. இங்க மாட்டி வெச்ச ஐட்டம் இல்ல.”

நான் அந்தத் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். “எவ்ளோ நாளா இப்டி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவள்போல எல்லாவற்றையும் கொட்டினேன். கிடங்கு, பூனைப் படம், போலீஸ், அனுமதித் தாள். கடைசியில், “என்னால முடியல பாய். இவர இங்கயே விட்டுட்டுப் போறேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். இவர்கிட்ட இன்னும் சொல்லல” என்றேன்.

பாய் எனக்குப் பின்னால் பார்த்தார்.

அருள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர். பேச முடியாதவர் முன்னால் நாம் அவர் அங்கே இல்லாததுபோலப் பேசிவிடுகிறோம். எங்கள் இல்லத்தில் அதற்காகப் புதுப் பெண்களைக் கடிந்துகொள்வேன்.

அவர் திரும்பி வெளியே நடந்தார்.

6

சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். வலது காலை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனார். தண்ணீரை நோக்கித்தான் போகிறார் என்று நினைத்து, செருப்பை உதறிவிட்டு ஓடினேன். ஈர மணல் தொடங்கும் இடத்தில் நின்று, அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசி அடித்தது. ஜெனி. சனிக்கிழமைகளில் தூங்கி எழுந்ததும் அப்பாவைப் பார்க்க அழைப்பாள். எடுத்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள், ஜெர்மனில். இனி மறைக்க எதுவும் இல்லை. நானும் ஜெர்மனில் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பாவைக் கேட்டாயா?”

“அவரால பேச முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று தமிழில் எரிந்து விழுந்தேன்.

“பேச முடியாது. தேர்ந்தெடுக்க முடியும். கேட்டாயா?”

கேட்கவில்லை. நான், அண்ணி, ஹெல்கா, அலுவலகம் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசியிருந்தோம். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. பதினேழு வயதுப் பெண், அப்பாவிடம் நான்கு வாக்கியம் தமிழில் பேசத் தெரியாதவள், அவளுக்குத்தான் தோன்றியது.

கைப்பேசியைப் பையின்மேல் சாய்த்து, அவளுக்கு நாங்கள் இரண்டு பேரும் தெரியும்படி வைத்தேன். அருளுக்கு எதிரே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினேன்.

“ஏங்க, இத பாருங்க. இந்தக் கை செங்கல்பட்டு. அண்ணி வூடு. இந்தக் கை பிரேமன். நானும் ஜெனியும். நீங்க எங்க இருக்கணும்? எதத் தொட்டாலும் அப்படியே செய்றேன். டிக்கெட்ட திரும்ப வாங்கிக்கலாம். சத்தியமா.”

அவர் நான் காட்டிய கைகளைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை. இடது உள்ளங்கையில் தன் கையை வைத்தார். செங்கல்பட்டு.

 மூளை பாதிக்கப்பட்டவர்கள் சில சமயம் பழக்கத்தால் ஒரே பக்கத்தைத் தொடுவார்கள். அதனால் இடம் மாற்றிக் கேட்க வேண்டும். மாற்றினேன். “இப்ப இது பிரேமன், இது செங்கல்பட்டு.” அவர் கை இந்த முறை வலது உள்ளங்கைக்கு வந்தது. செங்கல்பட்டு. மூன்றாவது முறை கேட்டேன். ஏன் கேட்டேன் என்று உங்களுக்குப் புரியும். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, கையை மூடி, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். கேள்வியை முடித்துவிட்டார்.

அவரை விட்டுவிட்டுப் போகிறோமே என்று ஐந்து நாளாக வெந்துகொண்டிருந்தவள் நான். அழுவார், என்னைப் பிடித்துக்கொள்வார், அப்போது மனதை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கே தெரியாமல் ஒரு மூலையில் ஆசைப்பட்டிருந்தேன். அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

திரையில் ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். “ஓகே” என்றாள். பிறகு, “சரி, ப்பா” என்றாள். அழைப்பை அவளே துண்டித்தாள்.

7

செப்டம்பரில் நான் தனியாகத் திரும்பினேன். அண்ணி வாரத்துக்கு இரண்டு முறை படம் அனுப்புகிறார். அருள் உடம்பு தேறியிருக்கிறார். காலையில் தனியாகப் பால் வாங்கி வருகிறாராம். ரயில்வே கேட் வரை யார் துணையும் இல்லாமல் போய்வருகிறாராம். கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ‘மொய்யி அண்ணாத்த’. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, போன வாரம் அவருடைய குடியிருப்பு அட்டை ரத்தானதற்கான கடிதமும் வந்துவிட்டது. இந்த முறை யாரும் அனுதாபம் சொல்லவில்லை. ஜெனி வீட்டில் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது. இருக்கும் நேரத்தில் அறைக் கதவை மூடிக்கொண்டு அப்பாவோடு வீடியோவில் பேசுகிறாள். அவள் ஜெர்மனில் ஏதேதோ சொல்வதும், அவர் சிரிப்பதும் கேட்கும். இப்போது அவர்களுக்கு நடுவில் நான் தேவைப்படவில்லை.

ஏன் ஊரைத் தொட்டார் என்று எல்லோரும் எனக்குக் காரணம் சொல்கிறார்கள். சொந்த மண், அக்கா கை சோறு, பேச்சுச் சத்தம் என்கிறார்கள். என் பாரத்தைக் குறைக்கத்தான் என்கிறார் அண்ணி. நானும் தலையாட்டுகிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான். போலீஸ் அவரைக் கொண்டுவந்து விட்ட மறுநாளிலிருந்து, வேலைக்குப் போகும்போது நான் வீட்டை வெளியிலிருந்து பூட்டினேன். காலை ஐந்தரை முதல் பிற்பகல் இரண்டரை வரை. பதினான்கு மாதம். ஜெனியும் பள்ளிக்குக் கிளம்பும்போது, நான் சொன்னபடி, தன் சாவியால் பூட்டிவிட்டுப் போவாள். எங்கள் இல்லத்தில் ஒரு முதியவரின் கட்டில் கம்பியை உயர்த்தி வைக்கக்கூட நீதிமன்றத்திலிருந்து அனுமதி வர வேண்டும். என் வீட்டில் நான் யாரையும் கேட்கவில்லை. முதல் சில வாரம் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவார். நான் படியிறங்கும்போது மூன்றாம் மாடி வரை கேட்கும். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீடியோவில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “ஏங்க, ஏன் அந்தக் கையத் தொட்டீங்க?” என்று நாக்கு நுனி வரை வருகிறது. அவருக்குக் கேள்வி புரியும். பதிலும் உள்ளே இருக்கும். சொல்லத்தான் வராது. அது வந்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷம் நான் ஏறி இறங்காத இடமில்லை. இப்போது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் மண்டியிடும்போது, அவருக்குப் பேச்சு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரமாட்டேன் என்கிறது.